பொருள் மாறவில்லை

எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும், அதிலிருந்து எதை எடுத்துவிடலாம் என்பதுதான் மார்லிஸ் டெர்வோவுக்கு முதலில் தோன்றும். வாழ்த்து அட்டை, தேவாலயச் சுற்றறிக்கை, பக்கத்து வீட்டு நாய் காணாமல் போன அறிவிப்பு, எதுவும் அவர் பேனாவுக்குத் தப்பியதில்லை. சுற்றறிக்கை தட்டச்சு செய்யும் பெண்மணி ஒருமுறை, "பத்துக் கட்டளைய உன் கையில குடுத்தா எட்டாக்கிடுவ மார்லிஸ்" என்று சீண்டினாள். மார்லிஸ் சிரிக்கவில்லை. ஒன்பதும் பத்தும் ஒரே விஷயம்தான், சேர்த்தால் ஒன்பது வரும், எட்டு வராது என்று விளக்கம் சொன்னார்.

அமெரிக்காவின் டுலூத் நகரில், ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டில் கணவரோடு வாசம். வயது ஐம்பத்தேழு. வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்கள் செய்கிற ஆலையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கையேடு எழுதும் வேலை. அங்கே அவர் எடுக்கும் சொற்களையெல்லாம் ஆலையின் வழக்கறிஞர் திரும்பப் போட்டுவிடுவார். 'தொடாதீர்கள்' என்று மார்லிஸ் எழுதி அனுப்பினால், 'சூடாக இருக்கும்போதும், சூடாக இருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கும்போதும், தொடுவதைத் தவிர்க்கவும்' என்று திரும்பி வரும். வழக்கறிஞர் இல்லாத ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் டாமரக்கில் சேர்ந்தார்.

டாமரக் என்பது கணினியை இயக்கும் இலவச மென்பொருள் தொகுதி. கண்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நானூறு பேர் சம்பளமில்லாமல் அதைப் பேணுகிறார்கள். யாரோ எங்கோ எழுதிய மென்பொருளை வாங்கி, அடுக்கி, பெயர் எழுதி, ஒரே கட்டளையில் எந்தக் கணினியிலும் போய் உட்காரும்படி கட்டித் தருவது அவர்கள் வேலை. பொதி கட்டுகிறவர்கள் என்று பெயர். பொதியை எப்படிக் கட்டுவது, எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் கையேடு, மார்லிஸ் வந்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் இருந்தது. இப்போது இருநூற்று நான்கு.

இதற்காக யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. 'வேண்டும்' என்ற சொல் கட்டாயமா அறிவுரையா என்று அந்தக் கூட்டம் ஏழு ஆண்டுகள் மின்னஞ்சலில் சண்டை போட்டிருக்கிறது. கட்டாயமானால் 'வேண்டும்', அறிவுரையானால் 'நல்லது' என்று கடைசியில் முடிவானது. அந்த முடிவை அறிவித்த பத்தி, 'இதை எல்லோரும் பின்பற்றுவது நல்லது' என்று முடிந்தது. மார்லிஸ் அதைத் திருத்தப் போக, இன்னும் நான்கு மாதம் சண்டை நடந்தது.

அவரைக் களைப்படையச் செய்தது சண்டைகூட இல்லை. கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பதுதான். புதிதாக வருகிறவர் இன்னொருவரின் பொதியைத் திறந்து பார்த்து, அதே மாதிரி ஒன்றைக் கட்டிவிடுவார். அந்த இன்னொருவரும் அப்படிக் கட்டியவர்தான். கேட்டால், "கையேடா, அது இன்னும் இருக்கா?" என்பார்கள். மார்லிஸ் மதிய இடைவேளைகளில், முந்தின நாள் மிஞ்சிய ஹாட்டிஷ் என்ற இறைச்சிக் கலவையைச் சூடாக்கிச் சாப்பிட்டபடி, யாரும் படிக்காத ஒன்றைப் படிக்க எளிதாக்கிக்கொண்டே இருந்தார். நிறுத்துவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமல்லவா.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், கையேட்டைப் படிக்கிற ஒருவர் இருக்கிறார் என்று தெரியவந்தது.

பெயர் ஓரெஸ்ட் கோவல். கனடாவின் வினிபெக்கில் நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். டாமரக்கில் இருபத்து மூன்று பொதிகள் அவர் பொறுப்பு. பதினான்கு ஆண்டுகளில் ஒன்றின் மேலும் புகார் வந்ததில்லை. அவற்றில் ஒன்று குடும்ப வம்சாவளியை எழுதிவைக்கும் மென்பொருள். அதை எழுதியவர்கள் அதன் பெயரை மாற்றிவிட்டதால், ஓரெஸ்ட்டும் புதுப்பெயரில் ஒரு பொதி கட்டினார். புதியது வந்து இறங்கும்போது பழையது தானாக நீங்கிக்கொள்ளும். நீங்கும்போது அது என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டைத் திறந்து பார்த்து, ஆறாம் அத்தியாயம் நான்காம் பிரிவில் சொன்னபடி எழுதினார். ஒன்றும் இல்லாத கணினியில் ஓட்டிப் பார்த்தார். சரியாக ஓடியது. எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி டாமரக்கில் ஏற்றிவிட்டார்.

பழைய பொதி போகும்போது தன் கோப்புறையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனது. ஜனங்கள் எழுதிவைத்திருந்த வம்சாவளிகளும் அதே கோப்புறையில்தான் இருந்தன. மூன்று நாளில் நாற்பத்தொரு பேர் புகார் எழுதினார்கள். மூஸ் ஜா என்ற ஊரிலிருந்து கோர்டுலா ஃபென்ஸ்கே என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, பத்தொன்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த இரண்டாயிரத்து அறுநூறு மூதாதையரைக் காணவில்லை என்று எழுதியிருந்தார். ஏற்கெனவே ஒருமுறை செத்தவர்கள்.

டாமரக்கில் வழக்குத் தீர்க்க ஐவர் குழு ஒன்று உண்டு. அதன் தலைவர் வான்கூவரைச் சேர்ந்த வினி சோ. வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டம் என்று அறிவித்தார். கேள்வி ஒன்றே ஒன்று: ஓரெஸ்ட்டின் ஏற்றும் உரிமையைப் பறிப்பதா, வேண்டாமா. பறித்தால் இருபத்து மூன்று பொதிகளும் வேறு கைக்குப் போகும். அதன்பிறகு அவர் டாமரக்குக்குள் ஒரு கால்புள்ளியைக்கூட ஏற்ற முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் மார்லிஸ், கப்பலுக்கு வழிவிட மேலே உயர்கிற பாலத்தின் முன்னால் மாட்டிக்கொண்டார். இரும்புத்தாது ஏற்றப் போகும் கப்பல் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அது போகும்வரை பாலம் இறங்காது. காரில் உட்கார்ந்தபடி, ஓரெஸ்ட் குழுவுக்கு அனுப்பிய விளக்கத்தைக் கைபேசியில் திறந்தார். நான்கே வரி. கையேடு சொன்னபடிதான் செய்தேன். அந்தப் பக்கத்தை அச்சடித்துப் பணிமனைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன். நஷ்டப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். படத்தில், கிரீஸ் படிந்த விரல் ரேகைகளுக்கு நடுவே, அந்த வாக்கியம்: 'நீக்கும்போது பொதி தன் கோப்புகளை அழித்துவிட வேண்டும்.'

அழகான வாக்கியம் என்றுதான் முதலில் பட்டது. ஒரு சொல் மிகையில்லை. அடுத்த கணம் அதை மறுபடி படித்தார்.

தன் கோப்புகள் என்றால் எவை? பொதி கொண்டுவந்து வைத்தவையா, பொதியின் கோப்புறையில் இருப்பவை எல்லாமா? வீட்டைக் காலி செய்கிறவர் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்கிறோம். அவர் கொண்டுவந்த கட்டிலையா, பத்திரமாக இருக்கட்டுமென்று பக்கத்து வீட்டார் அவரிடம் கொடுத்துவைத்த பெட்டியையுமா?

அன்று மதியம் மார்லிஸ் சாப்பிடவில்லை. கையேட்டின் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்ட ஒரு கட்டளை இருக்கிறது. அதற்குப் 'பழி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்; அந்தக் கூட்டத்தின் குணம் தெரிந்த யாரோ வைத்த பெயர். மார்லிஸ் அந்த வரியின் மேல் பழியை ஓட்டினார். தியரி லாஷான்ஸ் என்று வந்தது.

தியரி ஆறு ஆண்டுகளுக்கு முன் விலகி, கெபெக்கில் படகு பழுதுபார்க்கப் போய்விட்டவர். எந்த மின்னஞ்சலுக்கும் பதில் போடுவதில்லை. அவர் போவதற்கு முன் செய்த கடைசி வேலை, அந்த அத்தியாயத்தை வரிக்கு எண்பது எழுத்து வரும்படி மடித்துவிட்டது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆனாலும் எல்லா வரியையும் தொட்டவர் அவராகிவிட்டார். மடிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கிளறிப் பார்க்கப் போவதில்லை.

மார்லிஸ் கிளறினார். பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய மே மாதம். அதுவரை அந்த வாக்கியம் இப்படி இருந்தது: 'நீக்கும்போது பொதி, தானே கொண்டுவந்து வைத்த கோப்புகளை அழித்துவிட வேண்டும்.' மூன்று சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'தன்' என்று ஒரே சொல்லை வைத்தவர் பெயர் மார்லிஸ் டெர்வோ. பக்கத்தில் அவர் எழுதிய மாற்றக் குறிப்பு: 'சொற்கள் குறைக்கப்பட்டன. பொருள் மாறவில்லை.'

அந்த ஒரே நாளில் அதே குறிப்போடு முப்பத்தாறு திருத்தங்கள் செய்திருந்தார். நல்ல நாளாக இருந்திருக்கும்.

பிறகு இன்னொன்றையும் பார்த்தார். இந்தப் பதினோரு ஆண்டுகளில் டாமரக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதிகள் பெயர் மாறியிருக்கின்றன. ஒன்றுகூட யாருடைய கோப்பையும் அழிக்கவில்லை. காரணம் கண்டுபிடிக்க அரைமணி நேரம் பிடித்தது. அத்தனை பேரும் ஒரே பழைய பொதியைப் பார்த்துப் பிரதி எடுத்தவர்கள். அந்தப் பொதி பழைய வாக்கியத்தின் காலத்தில் கட்டப்பட்டது. கையேட்டைப் படிக்காதவர் எவரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. படித்தவர் ஒருவர். அவர் செய்துவிட்டார்.

இந்த விவரம் குழுவுக்குத் தெரியாது. ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த பர்க் என்ற உறுப்பினர் ஏற்கெனவே நீளமாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். இந்த விதி ஆதியிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது, நூறு பேர் இதைப் படித்துச் சரியாகச் செய்திருக்கிறார்கள், தப்பாகப் படித்தவர் ஒருவர் என்றால் தப்பு படித்தவருடையதுதான் என்பது அவர் வாதம். விதி மாறியது என்பதும், அந்த நூறு பேர் அதைப் படிக்கவே இல்லை என்பதும் மார்லிஸுக்கு மட்டும் தெரியும். சொன்னால் ஓரெஸ்ட் தப்பலாம். ஆனால் அந்த மூன்று சொற்களோடு நிற்காது. 'பொருள் மாறவில்லை' என்று குறிப்பெழுதி அவர் குறைத்த நூற்றெட்டுப் பக்கமும் சந்தேகத்துக்குள் வந்துவிடும். அவருடைய பன்னிரண்டு ஆண்டு மதிய இடைவேளைகள் அத்தனையும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவர் டுவேனிடம் சொன்னார். டுவேன் முப்பது ஆண்டு கப்பல் துறையில் தாது ஏற்றி ஓய்வு பெற்றவர். கணினி என்றால் அவருக்கு மீன்பிடி வானிலை பார்க்கும் பெட்டி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் படகுக்காரனுக்கு இதெல்லாம் காதுல விழுமா?" என்றார்.

"விழாது."

"அப்ப அவன் தலையிலயே கெடக்கட்டும். அவனுக்கென்ன போச்சு."

"பஸ் மெக்கானிக்குக்குப் போகுமே."

டுவேன் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கினார். "நீ முடிவு பண்ணிட்டுத்தான் எங்கிட்ட கேக்குற. இருபத்தெட்டு வருஷமா இதேதான் நடக்குது. நானும் ஒவ்வொரு தடவையும் யோசன சொல்லிட்டு ஏமாறுறேன்."

மறுநாள் மதியம் மார்லிஸ் வினிபெக்குக்குத் தொலைபேசினார். பின்னணியில் காற்றுச் சுத்தியல் சத்தம். ஓரெஸ்ட் ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினார்.

"கையேட்டுக்காரம்மாவா? நெசமாவா? நான் யாரோ பட்டாளத்துல இருந்த ஆளுன்னு நெனச்சிருந்தேன். எழுத்து அவ்வளவு கறாரா இருக்கும்."

மார்லிஸ் விஷயத்துக்கு வருவதற்குள் அவரே முந்திக்கொண்டார். கையேட்டின் மேல் பழி போடுவதற்காகப் படம் அனுப்பவில்லை, யோசிக்காமல் செய்யவில்லை என்று காட்டத்தான் அனுப்பினேன் என்றார். "அந்த வரியில ஒரு குத்தமும் இல்லீங்க. தெளிவா இருக்கு. படிச்சேன், செஞ்சேன். குத்தம் எங்கன்னா, வெறும் மெஷின்ல ஓட்டிப் பாத்தேன் பாருங்க, அதுதான். ஆள ஏத்தாம பஸ்ஸுக்கு பிரேக் பாத்தா பத்தாதுன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா அதுதானே வேலை."

"அந்த வரி தெளிவா இல்ல, ஓரெஸ்ட்."

"எனக்குத் தெளிவா இருந்துச்சே."

"அதான் பிரச்சினை. ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா தெளிவா இருக்கு. அத அப்படி ஆக்கினது நான்."

சுத்தியல் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. ஓரெஸ்ட், வெள்ளிக்கிழமை இதைச் சொல்ல வேண்டாம் என்றார். "உங்களையும் சேத்துத் தூக்கிட்டா அந்தக் கையேட்ட யாரு பாக்குறது? அந்தப் பர்க்கா? அவரு எழுதுற மெயில நான் ரெண்டு நாள் வச்சுப் படிக்கணும்."

மார்லிஸ் யோசிக்கிறேன் என்றார். யோசிக்க ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காணொளிக் கூட்டத்தில் குழுவின் ஐந்து முகங்கள் ஐந்து கட்டங்களில் இருந்தன. ஆறாவது கட்டத்தில் ஓரெஸ்ட், வேலை உடுப்போடு. ஏழாவது மார்லிஸ். வினி சோ வழக்கை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். மார்லிஸுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது. பர்க் தன் கடிதத்தை, எல்லோரும் படித்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, மறுபடி முழுவதும் வாசித்தார்.

மார்லிஸ் குறுக்கிட்டுத் தன் பங்கைச் சொன்னார். பழைய வாக்கியம் இது, புதியது இது, மாற்றியது நான், தியரி வரிகளை மடித்ததோடு சரி. நூறு பேர் சரியாகப் படித்தார்கள் என்பதும் உண்மையில்லை. அவர்கள் படிக்கவே இல்லை, எல்லோரும் ஒரே பொதியிலிருந்து பிரதி எடுத்தவர்கள், பட்டியல் அனுப்பியிருக்கிறேன். இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். மனப்பாடம் செய்து, இரண்டு தடவை குறைத்திருந்தார்.

பர்க் விடவில்லை. "மாத்தினப்ப 'பொருள் மாறவில்லை'ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா. அது தப்பு."

"தப்புன்னு இப்ப சொல்றீங்க. எனக்கு என்னவோ ரெண்டு வரிக்கும் ஒரே அர்த்தம்தான் படுது. தன் கோப்புன்னா தான் கொண்டுவந்த கோப்பு. இதுல என்ன குழப்பம்?"

அப்போதுதான் அது நடந்தது. அதுவரை வாயே திறக்காத இன்னொரு உறுப்பினர், மன்னிக்க வேண்டும், தன் கோப்பு என்றால் தன்னிடம் இருக்கிற எல்லாக் கோப்பும்தானே, எப்போதும் அப்படித்தான் தான் புரிந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். பர்க் அவரைத் திருத்தினார். மூன்றாமவர் பர்க்கைத் திருத்தினார். நான்காமவர், கொண்டுவந்தது என்றால் எது, பொதி தானே பிறகு உருவாக்கிக்கொண்ட கோப்பு அதில் சேருமா என்று புதுக் கேள்வி ஒன்றை எடுத்துவந்தார். இருபது நிமிடம் போனது. ஓரெஸ்ட் தன் கட்டத்தில் சாண்ட்விச்சைப் பிரித்துத் தின்னத் தொடங்கினார்.

கடைசியில் வினி சோ கையை உயர்த்தினார். "போதும். விதிய வச்சுத் தீர்ப்புச் சொல்ற கமிட்டி நாம. நாமளே மூணு விதமா படிக்கிறோம். இவரு ஒரு விதமா படிச்சதுக்கு இவர எப்படித் தண்டிக்கிறது?"

வாக்கெடுப்பில் நான்கு பேர் ஓரெஸ்ட் பக்கம். உரிமை அவரிடமே இருக்கும். பர்க் தோற்றதைப் பொறுத்துக்கொண்டு, அடுத்த தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 'பொருள் மாறவில்லை' என்ற குறிப்போடு மார்லிஸ் செய்த ஆயிரத்து நூற்று நாற்பது திருத்தங்களையும் ஒவ்வொன்றாக மறுபடி பார்க்க வேண்டும்; இனிமேல் அவர் எதை மாற்றினாலும், கையேட்டைப் படிக்கிற ஒரு பொதிக்காரர் பார்த்துச் சரி சொன்ன பிறகே அது உள்ளே போக வேண்டும். அது ஒருமனதாக நிறைவேறியது. மார்லிஸும் ஒப்புக்கொண்டார். அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். இருந்தது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக, அவர் எழுதுவதை ஒருவர் படித்தே ஆக வேண்டும் என்று விதியாகிவிட்டதையும் அவரால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அந்த வேலைக்கு ஆள் கேட்டு வினி சோ நானூறு பேருக்கும் எழுதினார். ஒருவர் முன்வந்தார். அது ஓரெஸ்ட்.

மூஸ் ஜா ஆசிரியைக்கு மார்லிஸ் கடிதம் எழுதினார். தவறு எங்கே நடந்தது, யாரால் நடந்தது என்று ஒளிக்காமல் எழுதி, மன்னிப்புக் கேட்டிருந்தார். பதில் அடுத்த வாரம் வந்தது. 'உங்கள் கடிதம் நேர்மையாக இருக்கிறது, நன்றி. என் கொள்ளுப்பாட்டியின் பெயர் ஹெட்விக்கா ஹெலேனாவா என்று நான் இப்போது யாரைக் கேட்பது?' மார்லிஸ் அதை மூன்று தடவை படித்தார். எடுக்க ஒரு சொல்லும் இல்லை.

ஆயிரத்து நூற்று நாற்பதில் முதல் வேலையாக அந்த வரியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஓரெஸ்ட்டுக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. எழுதுவதைவிடப் பேசுவது சுலபம் என்பது ஓரெஸ்ட்டின் கொள்கை.

"படிச்சேன். சரியா இருக்கு. இப்ப யாரும் தப்பு பண்ண முடியாது."

"அப்ப சரி சொல்லிடுங்க, உள்ள போகட்டும்."

"சொல்றேன். ஆனா…" ஓரெஸ்ட் தயங்கினார். "கொஞ்சம் நீளமா இல்ல? அந்த 'தானே'ய எடுத்துட்டா நல்லா நச்சுன்னு நிக்கும். அர்த்தம் மாறாது."

மார்லிஸ் திரையைப் பார்த்தார். உண்மைதான். 'தானே' இல்லாமலும் வாக்கியம் நிற்கும். கை விசைப்பலகையின் மேலேயே இருந்தது.

"இருக்கட்டும், ஓரெஸ்ட்."

"இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

ஓரெஸ்ட் சரி என்று அழுத்திய ஒலி தொலைபேசியிலேயே கேட்டது. இன்னும் ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பாக்கி. அடுத்ததில் தான் எதை எடுத்திருக்கிறோம் என்று பார்க்க, மார்லிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.